எர்த் கட்டிய கை

ஷெட் வாசலில் வண்டி வந்து இறங்கியது காலை பத்தரை மணிக்கு. நல்ல வெயில். பேய்க்கதை என்றால் இருட்டு வேண்டும், மழை வேண்டும், தூரத்தில் ஒரு நாயாவது ஊளையிட வேண்டும். இந்தக் கதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிர் ஒர்க்‌ஷாப்பில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இழுத்து வந்த லாரியிலிருந்து மாப்பிள்ளை முதலில் குதித்தார். முகமெல்லாம் பல்.

"மச்சான், பாத்தீங்களா என் குதிரையை?"

"நாலு காலும் முடமா இருக்கே மாப்ள" என்றார் மீட்டர்.

மீட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர் அவர். முள் ஆடுகிற பழைய மீட்டர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முப்பது வருஷமாக அலைகிறார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று தெருவில் பந்தயமே உண்டு. அந்த மீட்டர் அப்பாவுடையது. தொழிலும் அப்பாவுடையது. இடது கைப் பழக்கமும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

வந்திருந்தது அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய வேன். உருண்ட மூக்கு. பின்னால் ஜன்னலே இல்லாத நீளமான தகரப் பெட்டி. டிரைவர் உட்காரும் இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அதில் கை நுழைகிற அளவுக்குச் சின்ன இடைவெளி, அதை மூட மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு இரும்புத் தகடு. மேலே தடித்த வெள்ளை பெயிண்ட். ஏதோ ரொட்டிக் கம்பெனி வண்டி என்று விற்றவர் சொன்னாராம்.

மாப்பிள்ளை அதை வாங்கியது பெண்டாட்டிக்காக, அதாவது மீட்டரின் தங்கச்சிக்காக. பன்னிரண்டு வருஷம் யார் யார் கடையிலோ நின்று காபி போட்டவள். இனி எவன் முகத்தையும் பார்த்து நிற்க முடியாது, சொந்தமாகக் காபி வண்டி போடப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள். அன்றைக்குப் பேர்ப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்திருந்தாள். பலகையில் பெரிசாக எழுதியிருந்தது அப்பாவின் பேர்.

"ஞாயித்துக்கிழமை திறக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அண்ணே. நீ கவுத்துடாதே."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள கழுத்துல கத்தியா? தள்ளி நில்லு."

அவள் அப்பா செல்லம். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியும் அவர் பேச்சு எடுத்தால் கண் கலங்கிவிடும். அரசாங்க வண்டி டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து மஞ்சள் சோப்பால் கை கழுவுவார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை, ஐந்து தடவை. கழுவி முடிக்காமல் பிள்ளைகளைத் தொட மாட்டார். ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டால், "இரும்மா, கையெல்லாம் கிரீஸு" என்பார். பிள்ளைகள் பார்த்தவரை அந்தக் கையில் கிரீஸ் இருந்ததில்லை. அதைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

மாப்பிள்ளை பின்கதவைத் திறந்தார். பினாயில் நெடி மூஞ்சியில் அடித்தது. அது கொஞ்சம் அடங்கியதும் அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்தது.

"ரொட்டி கருகின வாசனையா மச்சான்?"

மீட்டர் மூக்கைச் சுருக்கினார். "ரொட்டி இல்ல. முடி."

"வந்த அன்னிக்கே பயமுறுத்தாதீங்க" என்று தங்கச்சி சிரித்தாள்.

வேலை ஆரம்பித்தது. பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகிற கரண்ட் திரும்பி வர வேண்டும் அல்லவா? அதற்குத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு மொத்தமும்தான் திரும்பி வருகிற வழி. பேட்டரியின் ஒரு முனையை உடம்பில் கட்டிவிடுவார்கள். எந்த முனை? இன்றைக்கு எல்லா வண்டியிலும் நெகட்டிவ். மீட்டரும் யோசிக்காமல் நெகட்டிவை உடம்பில் வைத்து, பாசிட்டிவைத் தொட்டார்.

பட்டென்று ஒரு பொறி. டேஷ்போர்டில் கரண்ட் காட்டுகிற அம்மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் போய் இடித்து நின்றது.

"அட, என் புத்தியைச் செருப்பால அடிக்க!" மீட்டர் தலையில் தட்டிக்கொண்டார். "மாப்ள, இது அந்தக் காலத்து ஆளு. இதுக்குப் பாசிட்டிவ்தான் உடம்புல கட்டணும். எல்லாமே தலைகீழ்."

"உங்களுக்கே தண்ணி காட்டுதே!"

"காட்டும் காட்டும். நீங்க போய்ப் பின்னாடி அந்தப் பலகைத் தரையைப் பேருங்க. அடியில துரு எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்."

மாப்பிள்ளை கடப்பாரையோடு பின்னால் ஏறினார். மீட்டர் முனைகளை மாற்றினார். முன்பக்கத்து எர்த் முடிச்சு மக்கிப் போயிருந்தது. அதை வெட்டி எறிந்து, இரும்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புதுச் செம்புப் பின்னலை முறுக்கினார். மேலே துணி டேப்பை இடது கையால், எல்லோரும் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் சுற்றினார். அதன் மேல் மெழுகு தடவிய நூல், மூன்று சுற்று. கடைசிச் சுற்றுக்கு அடியில் நூலை நுழைத்து ஒரு கண்ணி. அப்பாவின் கட்டு. அந்த ஊரில் அப்படிக் கட்டியது இரண்டே பேர், ஒருவர் செத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவார் மீட்டர். கட்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

கண்ணியை இழுத்து இறுக்கினார்.

கழுத்தில் தொங்கிய மீட்டரின் முள் ஒரு முறை தடக்கென்று கடைசிவரை போய் அடித்துத் திரும்பியது.

ஒயர் முனையில் தொங்கிய அதன் ஊசிகள் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

"ஓவரா வெயில்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கை மயிர் சிலிர்த்து நின்றது.

"மச்சான்! இங்க வாங்களேன்! தரையில வளையமெல்லாம் இருக்கு!"

பெட்டிக்குள் பாதிப் பலகை பெயர்ந்திருந்தது. அடியில் இரும்புத் தரை. அதில் பற்ற வைத்த கட்டை விரல் தடிமன் வளையங்கள் நான்கு. இரண்டு தலைமாட்டில், இரண்டு கால்மாட்டில். நடுவில் ஒரு ஆள் படுக்கிற நீளம். ஒவ்வொரு வளையத்திலும் உள்பக்கம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"ரொட்டித் தட்டைக் கட்டி வைப்பாங்களோ?" என்றார் மாப்பிள்ளை.

மீட்டர் உள்ளே ஏறினார். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஒரு செம்புப் பின்னல் வண்டியின் உடம்புக்குப் போயிருந்தது. முன் விளக்குக்கே உருப்படியான எர்த் இல்லாத வண்டியில், ஒன்றுமே இல்லாத இந்தப் பெட்டிக்குள் எவன் இவ்வளவு பார்த்துப் பார்த்து எர்த் கட்டினான்? குனிந்து பார்த்தார்.

துணி டேப். எதிர்த் திசைச் சுற்று. மெழுகு நூல், மூன்று சுற்று. கடைசிச் சுற்றுக்கு அடியில் கண்ணி.

மீட்டர் நிமிர்ந்து தன் இடது கையைப் பார்த்தார்.

"என்ன மச்சான்? பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க... இறங்குங்க மாப்ள. அப்புறம் பாத்துக்கலாம்."

"இன்னும் நாலே பலகைதான், பேத்துடறேன்."

தடுப்பின் ஓரமாக ஒரு ஒயர் ஓடியது. மீட்டர் அதைத் தொடர்ந்து முன்னால் போனார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே இன்ஜினுக்குத் தேவையில்லாத ஒரு தனிக் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், அதோடு பழைய காலிங் பெல் மாதிரித் துடிக்கிற ஒரு முள். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றுகிற ஏற்பாடு. ஒயரின் மறுமுனை பின்னால் தகரப் பெட்டிக்குள்ளே போய், எந்த விளக்கிலும் முடியாமல், உரித்த செம்பாக ஒரு மரப்பிடியில் முடிந்தது. ஒரு மனுஷனை வளையங்களில் கட்டிப் படுக்க வைத்தால் உடம்பு எர்த் ஆகிவிடும். பிறகு அந்தப் பிடியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கேள்வி கேட்கலாம். இது ரொட்டி வண்டியே இல்லை, அப்பாவின் டிப்போவிலிருந்து போன விசாரணை வண்டி.

அப்பா குழாயடியில் ஐந்து தடவை எதைக் கழுவினார் என்பது ஐம்பத்திரண்டு வயதில் மீட்டருக்குப் புரிந்தது. சோப்பு வாசனை மூக்கில் ஏறியது.

ஓடிப் போய் பேட்டரியின் இரண்டு ஒயரையும் பிடுங்கினார். பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தார்.

அப்போது சீட்டுக்கு அடியில் அந்த முள் துடிக்க ஆரம்பித்தது.

ற்ற்ற்ற்ற்ற்.

பின்கதவு படாரென்று அடித்து மூடியது.

"மாப்ள!"

உள்ளேயிருந்து வந்தது மனுஷன் போடுகிற சத்தமே இல்லை. தங்கச்சி பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் அவளை நாலடி தூரம் தூக்கி எறிந்தது. மீட்டர் டிரைவர் சீட்டில் ஏறி, இடைவெளி வழியாக உள்ளே பார்த்தார்.

மாப்பிள்ளை மல்லாக்கக் கிடந்தார். நான்கு வளையங்களிலும் கையும் காலும். கயிறு இல்லை, சங்கிலி இல்லை. ஆனால் மணிக்கட்டுத் தோல் எதற்கோ அடியில் நசுங்கி, பள்ளமாகி, ரத்தம் கசிந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. பல் இறுகி, கடைவாயில் நாக்கின் ஒரு துண்டு தொங்கியது. முடி கருகுகிற வாசனை இப்போது புத்தம் புதிதாக வந்தது.

மரப்பிடி அந்தரத்தில் நின்றது.

முள் நின்றது. அமைதி. எதிர் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதைக் கட்டினது யாரு?"

குரல் தகரத்திலிருந்து வந்தது. சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும், பல பேர் ஒரே நேரத்தில் ரகசியம் பேசுகிற மாதிரி. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தவர்களின் குரல்கள்.

"தெ... தெரியாது" என்றார் மீட்டர்.

மரப்பிடி மாப்பிள்ளையின் விலாவில் இறங்கியது.

ற்ற்ற்ற்ற்ற்.

தலை இரும்புத் தரையில் தட் தட்டென்று மோதியது. காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் வழிந்தது. தங்கச்சி தவழ்ந்து வந்து மீட்டரின் தோளுக்குப் பின்னால் ஏறிப் பார்த்துவிட்டாள். "ஐயோ! ஐயோ, விடுங்க அவரை!"

"கட்டினது யாரு?"

மீட்டர் திரும்பித் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். வெளியே மண்ணில் மல்லாந்து கிடந்த பலகையைப் பார்த்தார். வாயில் வந்த பேரை விழுங்கினார்.

"எவனோ டிப்போ மெக்கானிக். எப்பவோ செத்துப் போனவன். எனக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளையின் வலது கைச் சுண்டு விரல் பின்னால் வளைந்தது. நிதானமாக, ஒரு குச்சியை ஒடிக்கிற அவசரம்கூட இல்லாமல். மளுக். அடுத்தது மோதிர விரல். மளுக். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு மரப்பிடி அந்த எலும்பின் மேலேயே உட்கார்ந்தது.

ற்ற்ற்ற்ற்ற்.

"அண்ணே, தெரிஞ்சா சொல்லித் தொலையேன்!" தங்கச்சி அவர் முதுகில் குத்தினாள். "உன் கால்ல விழறேன், சொல்லு! செத்துடுவாரு!"

மரப்பிடி எழுந்து, மாப்பிள்ளையின் வலது கண்ணுக்கு நேராகப் போய் நின்றது. அந்தக் கண் மூட முடியாமல் அதையே பார்த்தது.

"கட்டினது யாரு?"

மீட்டர் சொன்னார். அப்பாவின் பேரை, தாத்தாவின் பேரையும் சேர்த்து, முழுசாகச் சொன்னார். டிப்போவையும் சொன்னார். "எங்க அப்பா" என்று கடைசியில் ஒரு தடவை சொன்னபோது குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

முதுகில் குத்திக்கொண்டிருந்த கை நின்றது.

மரப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. மணிக்கட்டுப் பள்ளங்கள் தளர்ந்தன. பின்கதவு தானாக ஒரு விரற்கடை திறந்து, வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. தங்கச்சி குதித்து ஓடினாள். கணவனின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். மீட்டரும் எழப் போனார்.

"அவனுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

கதவடியில் தங்கச்சி கணவனை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கால் இன்னும் வண்டிக்குள்ளே இருந்தது.

இந்தத் தடவை மீட்டர் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணு" என்றார். "நான் மட்டும்தான்."

வண்டி முழுவதும் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

"கட்டின கையைக் குடு."

ஓடியிருக்கலாம். டிரைவர் கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் தங்கச்சியின் கால் இன்னும் உள்ளே. மீட்டர் இடது கையை அந்த இடைவெளிக்குள் முழங்கைவரை விட்டார். உள்ளே யார் யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிறையக் கைகள். சில கைகளுக்கு நகம் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள், சரியான கைதானா என்று.

பிறகு மேலேயிருந்த இரும்புத் தகடு இறங்கியது.

ஒரு தடவையில் அறுபடவில்லை. மேலே போய் மறுபடி இறங்கியது. மறுபடி. எலும்பு நொறுங்குகிற சத்தத்தையும் தன்னுடைய அலறலையும் அவர் தனித்தனியாகக் கேட்டார். கடைசியில் பிடி விட்டு அவர் வெளியே வந்து விழுந்தபோது, கண்ணில் பட்டது அப்பாவின் பேர்ப்பலகை. அதன் மேல் அவருடைய ரத்தம் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி துப்பட்டாவை உருவி அந்தக் கையைக் கட்டினாள். அவளும் இடது கைக்காரிதான் என்பது மயக்கம் வருமுன் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் காலை. ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். உயிருக்குப் பயமில்லை. நுனி நாக்கு போய்விட்டது, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மீட்டருக்கு இடது கை முழங்கையோடு முடிந்துவிட்டது. வண்டியின் தகடு தானாக விழுந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். வேறு என்ன எழுதுவார்கள்?

தங்கச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளாக அவள் அவரிடம் பேசவில்லை.

"வண்டியை நேத்து துண்டு துண்டா வெட்டி உலைக்கு அனுப்பிட்டாங்க. பலகையை நானே அடுப்புல வெச்சுட்டேன்."

"ம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா அண்ணே?"

"சத்தியமா இல்ல. அந்தக் கட்டைப் பாத்த நிமிஷம்தான்."

"அப்ப ஏன் கேட்டதும் சொல்லல? அவரு ரெண்டு விரலு, அண்ணே. அந்த ஒரு பேருக்காக."

"உன் முகத்தைப் பாத்தேன். வாய் வரல."

அவள் அழுதாள். கோபம் பாதி, துக்கம் பாதி. அவர் மிச்சமிருந்த கையால் அவள் தலையைத் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை. அதுவே அவருக்குப் பெரிசாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"உன் மீட்டரு. ஷெட்டுல கிடந்துச்சு. இது இல்லாம உனக்குத் தூக்கம் வராதேன்னு கொண்டாந்தேன்."

அதை மாத்திரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியில் கீறல். ஊசிகள் இரண்டும் மேசை விளிம்பில் தொங்கின. உள்ளே இருந்த சின்ன பேட்டரி எங்கோ தெறித்துப் போயிருந்தது, மூடியும் இல்லை.

முள் அசைந்தது.

தடக்கென்று கடைசிவரை போய் அடித்துத் திரும்பியது. மறுபடி ஒரு முறை அடித்தது. நின்றது.

மீட்டருக்கு இல்லாத கை வலித்தது.

"ஏன் அண்ணே தானா ஆடுது?" தங்கச்சி குனிந்து பார்த்தாள். முள் நடுங்கியது. அவள் பின்னால் சாய்ந்தாள், முள் அடங்கியது. வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, அவள் ஒரு ஊசியை இடது கையால் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அதைக் கீழ வை" என்றார் மீட்டர். மிச்சமிருந்த கையை நீட்டினார், எட்டவில்லை.

தடக். தடக்.

கொஞ்சம் இடைவெளி.

தடக். தடக்.

"என்னண்ணே இது?" என்றாள் தங்கச்சி. "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு எண்ணிட்டு நிக்குது?"